பட்டுக்கு அடியில் ஒரு கண்ணாடி

சிந்தாமணி தான் நெய்யும் பட்டின் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை. அவள் தறியில் துணி குப்புறப் படுத்துத்தான் வளரும். மேலே தெரிவது அதன் முதுகு: ஓடித் திரும்பிய ஜரிகை இழைகள், அறுத்துவிட்ட நுனிகள், ஒழுங்கில்லாத ஒரு காடு. பூவும் கதிரும் சிலுவையும் தரையைப் பார்த்துக் கிடக்கும். சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கத் துணிக்கு அடியில் ஒரு கண்ணாடியை நீட்ட வேண்டும்.

அதற்கென்று அவள் வைத்திருந்தது விருத்தாசலம் கடைவீதியில் வாங்கிய பிளாஸ்டிக் சட்டக் கண்ணாடி. வேர்வையில் நெற்றிப் பொட்டு நழுவும்போதெல்லாம் அதை எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவிட்டு மறுபடி தறி மிதியில் கால் வைப்பாள். ஏழு வருஷத்தில் நான்கு ஓரமும் சிவப்பும் மெரூனுமாகப் பொட்டுகள் வரிசை கட்டியிருந்தன. யார் வீட்டில்தான் அப்படி ஒரு கண்ணாடி இல்லை?

பிறந்தது மணிமுத்தாற்றங்கரைக் குயவர் தெருவில். அவள் அப்பா சட்டி வனைந்து முடித்ததும் அடியில் கட்டைவிரலை இரண்டு முறை அழுத்துவார். கவிழ்த்துப் பார்த்தால் யார் கை என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். பதினெட்டு வயதில் சிந்தாமணி செராமிக் கம்பெனிக்குப் போனாள். அங்கே அச்சில் மண்கூழ் ஊற்றினாள், பிறகு பொம்மைகளுக்குக் கண் எழுதினாள். கை அடையாளம் எதுவும் பொம்மையில் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டுத்தான் சூளைக்கு அனுப்ப வேண்டும். சூளையில் அடுக்குகிற மாரிமுத்துவைக் கட்டிக்கொண்டாள். இருபது வருஷம் துடைத்தாள்.

பக்கத்தில் பூட்டிக் கிடந்த கொட்டகையைத் தேவநாதன் வாடகைக்குப் பிடித்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. தேவநாதன் திட்டக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். துணிநூல் படித்துவிட்டு, பெங்களூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பத்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஆறு தறி போட்டார். கல்யாணப் புடவை நெய்வதற்கு அல்ல. வெளிநாட்டுக் கிறிஸ்தவக் கோயில்களில் குருமார் பூசைக்கு உடுத்துகிற பட்டங்கிகளுக்கான துணி. தவக்காலத்துக்கு ஊதா. விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்கள் நாளுக்குச் சிவப்பு. பெருநாளுக்கு வெள்ளையும் பொன்னும். வருஷத்தில் இரண்டே இரண்டு ஞாயிறுக்கு மட்டும் ரோஜா நிறம். ஒரு கஜம் நெய்யப் பத்து நாள் ஆகும் துணி அது.

வெளியூரிலிருந்து அவர் கூட்டி வந்த பரம்பரை நெசவாளர்கள் இரண்டு பேரும் ஒரு மாதத்தில் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கிளம்பிவிட்டார்கள். தேவநாதன் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் செராமிக் கம்பெனி வாசலில் வந்து நின்றார்.

"கை நடுங்காம வேல செய்யுறவங்க யாரு இங்க?"

கூட்டத்திலிருந்து சிந்தாமணியின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளியவள் அனுசியா. ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே கம்பெனி.

"இவளக் கூட்டிட்டுப் போங்க சார். மூச்சப் புடிச்சிகிட்டுக் குந்துனான்னா நாளைக்கு நானூறு கண்ணு எழுதுவா. ஒண்ணு கூட மாறுகண்ணு இருக்காது. அவ புருஷனத் தவிர வேற யாரும் அவகிட்ட கொற கண்டுபுடிச்சதில்ல."

"நீ என்னா பண்ணுவ?"

"நான் பேசுவேன் சார்."

சிரித்தார். இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார். அனுசியாவுக்கு நூல் சுற்றும் வேலை. தெருவில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். குயவன் மகள் பட்டு நெய்யப் போகிறாளாம். தேவநாதன் அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு, நடுத்தெருவில் நின்று சத்தமாகச் சொன்னதை அந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை.

"நெசவு பொறப்புல வருதுன்னா புள்ளைங்க கையில தறி நாடாவோட பொறக்கணும். எவன் பாத்தீங்க அப்பிடி? கைக்கு ஏதுங்க சாதி?"

சார் என்று கூப்பிடக் கூடாது என்றார். "சாருன்னா நீ கை கட்டி நிக்கிற மாதிரி இருக்குது. அண்ணேன்னு கூப்புடு."

நாற்பது வயதை எட்டப் போகிற ஒரு பெண்ணிடம் அதுவரை யாரும் இப்படிப் பேசியதில்லை. வேலை கொடுத்தவர் நிறைய உண்டு. நீயும் நானும் ஒன்று என்று வாய் திறந்து சொன்னவர் அவர் ஒருவர்தான். அவள் நம்பினாள். முட்டாள்தனமாக நம்பவில்லை, நம்புவதற்குக் காரணம் இருந்தது. கட்டம் போட்ட தாளைப் படிக்கவும், அதைப் பார்த்துத் தறி அட்டையில் துளை போடவும் ஆறே மாதத்தில் வந்துவிட்டது. கம்பெனியில் இடையிடையே தட்டுகளிலும் பூ வரைந்தபோது கட்டம் எண்ணிய பழக்கம் கை கொடுத்தது. அண்ணன் சொன்னது சரிதான் என்பதற்கு அவளே அத்தாட்சி.

"சாமியே இல்லன்னு பேசுற மனுஷன், சாமியாருக்குத் துணி விக்கிறாரேடி," என்று மாரிமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பான்.

"நீயும்தான் புள்ளையாரு பொம்மை சுடுற. தெனமும் விழுந்தா கும்புடுற? வேல வேற, நெனப்பு வேற."

இரண்டாம் வருஷம் அந்தக் கதிர் விவகாரம் வந்தது. பூசையில் வைக்கும் அப்பத்துக்கு அடையாளமாகக் கோதுமைக் கதிரும், திராட்சை ரசத்துக்கு அடையாளமாகத் திராட்சையும் போட வேண்டும் என்று வாங்குகிற கம்பெனியிலிருந்து பென்சில் படம் ஒன்று வந்தது. திராட்சை அவளுக்குத் தெரியும். கோதுமையை ரேஷன் கடையில் மணியாகப் பார்த்திருக்கிறாளே தவிர, கதிராகப் பார்த்ததில்லை. படத்தில் கதிர் கம்பி மாதிரி நட்டமாக நின்றது. சிந்தாமணிக்கு மனசு ஒப்பவில்லை. சேத்தியாத்தோப்புப் பக்கம் எந்த வயலில் போய்ப் பார்த்தாலும் முற்றின கதிர் தலை சாய்ந்துதான் இருக்கும். நட்டமாக நிற்பது பதர். பாவம், வரைந்தவர்களுக்கு வயல் தெரியாது போலிருக்கிறது, கோயிலுக்குப் போகிற துணியில் பதரைப் போடுவதா என்று, யாரையும் கேட்காமல், கட்டத்தாளில் கதிரைச் சாய்த்து, மணிகளைக் கனக்க வைத்து வரைந்து நெய்துவிட்டாள்.

தேவநாதன் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "அடிப்பாவி, இது நெல்லு!"

ஆனால் துணி போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. இத்தனை நூற்றாண்டில் இப்படிப் பணிந்து நிற்கும் கதிரை யாரும் வரைந்ததில்லையாம். அதன்பிறகு எல்லாரும் சாய்ந்த கதிரையே கேட்டார்கள். ஆறு தறியிலும் அது ஏறியது.

போன வருஷம் ஆவணியில் வந்தது பெரிய ஆர்டர். கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு பழைய கோயிலின் எண்ணூறாம் ஆண்டு. தலைமைக் குரு தோளில் போர்த்துகிற நீண்ட மேலங்கிக்குப் பதினாலு கஜம், வெள்ளைப் பட்டில் பொன் ஜரிகை. தேவநாதன் கடிதத்தை அவள் தறிப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னார். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அங்கியின் உட்புறம் விரல் நீளத்துக்கு ஒரு பட்டுத்துண்டு தைப்பார்கள். அதில் துணியை நெய்தவர் பெயர் நெய்யப்பட்டிருக்கும். வருஷா வருஷம் கோயில் திருநாளில் அந்தப் பெயர்களை எல்லாம் சபை முன்னால் வாசிப்பார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் நெய்தவர் பெயரையும் இன்றைக்கும் வாசிக்கிறார்களாம்.

"துண்ட நீயே நெய்ஞ்சிடு. உன் பேருதான்," என்றார்.

"என் பேரா?"

"பின்ன, தறி பேரா?"

பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அனுசியா விட்டுவைப்பாளா? "சிந்தாமணின்னு வெள்ளக்காரன் வாயில வருமாண்ணே? பல்லு செட்டு கழண்டு பீடத்துல வுழுந்துடப் போவுது."

சிந்தாமணியும் சிரித்தாள். ஆனால் அன்று வீட்டுக்கு நடக்கும்போது அவள் கணக்குப் போட்டது இதுதான்: அப்பாவின் கட்டைவிரல் அழுந்திய சட்டிகள் எல்லாம் உடைந்து போயின. தான் கண் எழுதிய லட்சம் பொம்மைகளில் ஒன்றிலும் தன் கை என்பதற்கு அடையாளம் இல்லை. ரேஷன் கார்டும் கம்பெனி வருகைப் பதிவேடும் தவிர அவள் பெயர் எங்கும் எழுதப்பட்டதில்லை. அவளுக்குச் சொர்க்கத்தில் நம்பிக்கை கிடையாது, அந்தக் கோயில் எந்தத் திசையில் இருக்கிறது என்று கூடத் தெரியாது. ஆனால் யாரோ ஒரு மனிதர் வருஷத்துக்கு ஒரு தரம் எழுந்து நின்று, இதை நெய்தது இவள் என்று சொல்வார். அது போதும். அது வேண்டும்.

நாலு மாதம் நெய்தாள். பதினோராவது கஜத்தில் கை இருந்தபோது, ஒரு காலையில் தேவநாதன் ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார்.

பெயர் பக்கிரி. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் ஆடு மேய்ப்பவர். மார்பு வரை தொங்கும் வெள்ளைத் தாடி, திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு வளர்த்தது. சலவை வேட்டியும் ஜரிகைக் கரைத் துண்டும் போட்டு, சிந்தாமணியின் தறியில் அவரை உட்கார வைத்து, நாலு பக்கமும் நடந்து பார்த்தார் தேவநாதன்.

"என்னாண்ணே இது?"

"வாங்குற கம்பெனிலேருந்து ஒரு அம்மா படம் எடுக்க வராங்க. அவங்களுக்குப் பரம்பரை வேணுமாம். ஒம்பது தலைமுறையா நெய்யுற குடும்பம்னு போட்டாத்தான் இந்தத் துணிக்கு மதிப்புன்னு எழுதிட்டாங்க. நானும் சரின்னுட்டேன்."

"ஒம்பது தலைமுறையா இவரு வூட்டுல ஆடு இல்ல மேய்ச்சிருக்காங்க?"

"ஆமாம்மா," என்றார் பக்கிரி தலையைச் சொறிந்துகொண்டு. "ஒம்பதுக்கு மேலயே இருக்கும்."

"ஒரு நாள் கூத்து சிந்தாமணி. படத்துக்கு மட்டும்."

"பேரு?"

"பேரு உன்னதுதான். அதுல என்னா சந்தேகம்?"

இதைத்தான் நின்று பார்க்க வேண்டும். பிறப்பில் ஒன்றும் இல்லை என்று நடுத்தெருவில் முழங்கிய மனிதர், அந்தப் பிறப்பையே கஜக்கணக்கில் விற்கத் துணிந்துவிட்டார். சாமி இல்லை என்று சொல்வது சுலபம், அதற்குக் கைக்காசு போவதில்லை. பரம்பரை என்ற மூடநம்பிக்கையைத் தூக்கி எறிந்தால் ஆர்டர் போகும். கடல் தாண்டிய சீமாட்டிகளுக்கும் அதே நோய்தான். இருபது வருஷம் பொம்மைக்குக் கண் எழுதிய கை ஆறு மாதத்தில் பட்டுத்தறியைப் பிடித்தது என்பது அவர்களுக்கு அதிசயமாகப் படவில்லை. தாடி வைத்த ஒரு கிழவரின் ரத்தத்தில் நெசவு ஓடுகிறது என்றால் கண் கலங்குகிறது.

சிந்தாமணி சண்டை போடவில்லை. பக்கிரிக்கு, நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடும் நாடாவை எப்படிப் பிடிப்பது, மிதியை எப்போது விடுவது என்று காட்டினாள். துணிக்குக் கேடு வரக் கூடாது என்று நாடாவில் நூலே போடாமல் வெறும் நாடாவைக் கொடுத்தாள்.

"ஒன் எடத்துல வந்து குந்திகிட்டேன். மனசுல வெச்சிக்காத தாயீ," என்றார் பக்கிரி.

"நீங்க என்னா பண்ணுவீங்க பெரியவரே. தாடி பண்ணுன வேல."

மூன்றாம் நாள் அவர்கள் வந்தார்கள். காமிராவோடு ஒரு வெள்ளைக்காரப் பெண், மொழி சொல்வதற்கு ஒரு இளம் பாதிரியார். சிந்தாமணியை நூல் சுற்றும் பக்கம் அனுசியாவோடு நிற்கச் சொல்லியிருந்தார் தேவநாதன். பக்கிரி தறியில் கம்பீரமாக இருந்தார். கிடாய் வெட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி.

பாதிரியார் கண்ணாடியைத் துணிக்கு அடியில் நீட்டிக் கதிரைப் பார்த்து வியந்தார். "என்ன அழகு! பெரியவரே, கோதுமைக் கதிர் இப்படித் தலை குனிஞ்சு நிக்கிறது உங்க முப்பாட்டனார் காலத்து டிசைனாமே?"

"நெல்லுங்க சாமி," என்றார் பக்கிரி சந்தோஷமாக. "நல்லா வெளஞ்ச நெல்லு. வெட்டுனா ஏக்கருக்கு நாப்பது மூட்ட காணும்."

"வயல்காட்டு மனுஷர். எல்லாத்தையும் நெல்லும்பார்," என்று தேவநாதன் அவசரமாகச் சிரித்தார்.

அந்தப் பெண் ஓட்டிக் காட்டச் சொன்னாள். பக்கிரி இரண்டு தரம் நாடாவைத் தள்ளினார். மூன்றாவது தரம் உற்சாகம் வந்துவிட்டது, நாடா இன்னும் பாதியில் இருக்கும்போதே மிதியை மாற்றினார். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நாடாவைக் கவ்வியது. படபடவென்று இழைகள் அறுந்த சத்தம். சிந்தாமணி யோசிக்கவே இல்லை. ஓடிப்போய்ப் பாவின் மேல் குனிந்தாள். பதினேழு இழை. ஒவ்வொன்றின் நுனியையும் சாம்பல் பொடி தொட்ட விரலால் திரித்து, முடிச்சே தெரியாமல் ஏற்றினாள். காமிரா அவள் விரல்களின் மேல் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தது.

"இவங்க யாரு?" என்று கேட்டார் பாதிரியார்.

"ஹெல்பர், ஃபாதர்," என்றார் தேவநாதன்.

அப்போதுதான் அந்தப் பெண் தறிக்கடியில் கிடந்த கண்ணாடியை எடுத்தாள். திருப்பினாள். ஓரத்தில் வரிசையாக ஒட்டியிருந்த சிவப்பு வட்டங்களை விரலால் தடவிப் பாதிரியாரிடம் ஏதோ கேட்டாள். பாதிரியார் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"பெரியவரே, இது பூரா பொம்பளைங்க நெத்திப் பொட்டால்ல இருக்கு? இந்தக் கண்ணாடியப் பாத்துத்தான் நெசவு சரி பார்ப்பீங்கன்னு இப்பதான் சொன்னாங்க. யாரோடது இது?"

பக்கிரியின் கண் நேராகச் சிந்தாமணியிடம் வந்தது. தேவநாதன் தரையைப் பார்த்தார். மற்ற தறிகளும் நின்றுவிட்டன. அத்தனை பேருக்கும் தெரியும்.

சிந்தாமணி வாய் திறக்க வேண்டியதே இல்லை, கண்ணாடி பேசிவிட்டது. என்னுடையது என்று அவள் சொன்னால் அது புகார். வேறு ஒருத்தர், யாராவது ஒருத்தர், அது அவளுடையது என்று சொன்னால் அது சாட்சி. அவள் அனுசியாவைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளியவளை.

அனுசியா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"என்னுது ஃபாதர்! பெரியவரு கண்ணாடி ஒடஞ்சி போச்சுன்னு காலைல நான்தான் என்னுத எடுத்துக் குடுத்தேன்."

சொன்னதோடு விடவில்லை. கண்ணாடியை வாங்கி, ஓரத்திலிருந்து ஒரு மெரூன் பொட்டை நகத்தால் கிள்ளி எடுத்து, தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சிரித்தாள். வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. படம் பிடிக்க வேண்டும், இன்னொரு தரம் செய்யச் சொல்லுங்கள் என்றாள். அனுசியா இன்னொரு தரம் செய்தாள்.

பழைய பொட்டில் பசை இருக்காது. இரண்டாவது பொட்டு ஒட்டாமல் நழுவியது. அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

அவர்கள் கார் போன பிறகு சிந்தாமணி அவளிடம் கேட்டாள். "இந்தக் கூத்து எப்பலேருந்து உனக்குத் தெரியும்?"

"ஒரு வாரமா. கேளுடி, ஆறு தறி, பதினாலு குடும்பம். படம் கெட்டுச்சின்னா நாம எல்லாம் பழையபடி மண்ணு கரைக்கத்தான் போவணும்."

"உனக்கு என்னா சொன்னாரு?"

அனுசியா நூல் கண்டுகளை அடுக்கினாள். "சூப்பர்வைசர்னு போடுறேன்னாரு."

மறுநாள் தேவநாதன் பட்டுத்துண்டுக்கான கட்டத்தாளைக் கொண்டுவந்து தறி மேல் வைத்தார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குக் கட்டமாகத் தெரியும். முதல் எழுத்து சிந்தாமணியின் எழுத்து அல்ல. பக்கிரிசாமி, ஒன்பதாம் தலைமுறை.

"படத்துல ஒரு ஆளு, துண்டுல வேற பேருன்னா எல்லாமே பொய்ன்னு ஆயிடும் இல்லையா?" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தப்பட்டுக்கொண்டே செய்கிறவர்கள்தான் அதிகம்.

"பொய்யாயிடக் கூடாதுன்னு உண்மைய மாத்திட்டீங்களாண்ணே?"

"பேருல என்னா இருக்குது சிந்தாமணி? துணி உன் துணிதானே. அது எங்க போவப் போவுது?"

"பேருல ஒண்ணும் இல்லன்னா, பொறப்புலயும் ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்ப எதுக்கு ஒம்பது தலைமுறைய எழுதுறீங்க?"

படித்தவர், வாதம் தோற்றது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாதத்தில் ஜெயித்தவர்கள் பேரையா அங்கியில் தைக்கிறார்கள்?

அவள் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தாள். "இத அந்தப் பரம்பரைக்காரருகிட்டயே குடுங்க. அவரு நெய்யட்டும், சார்."

சார் என்ற சொல் கேட்டு அவர் நிமிர்ந்தார். ஆனால் திருத்தவில்லை.

அன்றே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. மூன்று கஜம் பாக்கி இருந்தது. பாதியில் விட்டால் வேறு கை வந்து உட்காரும், கதிர் கோணும். பெயர் போனது போதாதென்று வேலையும் கெட வேண்டுமா? ஒரு மாதம் யாரோடும் பேசாமல் நெய்தாள். அடியில் நீட்டிப் பார்க்கக் கண்ணாடி இல்லை. அனுசியாவுடையது என்றாகிவிட்ட பொருளைக் கேட்டு வாங்க அவளுக்கு மனசில்லை. விரல் நுனியால் துணியின் அடிப்பக்கத்தைத் தடவியே கதிர் சரியாக விழுந்ததா என்று தெரிந்துகொண்டாள். பதினாலாவது கஜம் முடிந்ததும் துணியை அறுத்துச் சுருட்டி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்த பழைய கம்பெனிக்குப் போனாள். செராமிக் கம்பெனியில் மண்கூழ் ஊற்ற ஆள் வேண்டியிருந்தது.

பெயர்த்துண்டைக் கடைசியில் வெளியூரில் மிஷினில் அடித்து வாங்கினார்களாம், பாலியஸ்டர் நூலில்.

படத்தை மாரிமுத்துதான் செல்போனில் கொண்டுவந்து காட்டினான். நாலு நிமிஷம். விடிகிற வெளிச்சத்தில் கோபுரம், ஆறு, பிறகு தறி. பக்கிரியின் தாடி, சுருக்கம் விழுந்த முகம். அடுத்து, மிக அருகில், பாவின் மேல் ஓடும் விரல்கள், ஒன்றன்பின் ஒன்றாக இழை ஏற்றுகின்றன. மறுபடி பக்கிரியின் முகம். ஒன்பது தலைமுறை தவம் செய்த கை என்று ஒரு குரல் இங்கிலீஷில் சொல்வதாக மாரிமுத்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தான்.

"நிறுத்து," என்றாள். "கொஞ்சம் பின்னால தள்ளு."

இடது ஆள்காட்டி விரலில் பழைய சூளைத் தழும்பு. அவள் கை. வளையலையும் மணிக்கட்டையும் வெட்டிவிட்டு விரலை மட்டும் வைத்திருந்தார்கள்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் அனுசியா செராமிக் கம்பெனிக்கு வந்தாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"உன் கண்ணாடி."

சிந்தாமணி அச்சைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "என்னுதா? உன்னுதுன்னு சொன்னியே."

"ஏன்டி குத்துற. அதே கோயில்லேருந்து செவப்புல ஒண்ணு கேட்டிருக்காங்க. கட்டத்தாளு வரைய ஆளு இல்ல. மூணு பேரு பாத்தாங்க, கதிரு சாயுற எடத்துல ஒடஞ்சி ஒடஞ்சி வருது. அண்ணன் கூப்புடுறாரு. கூலி ஏத்தித் தரேங்குறாரு."

"அவரு ஏன் வரல?"

"கூச்சப்படுறாரு."

சிந்தாமணி கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். "வரேன். கூலி ஏத்த வேணாம். அந்தப் பாதிரியாரு நம்பரு உன்கிட்ட இருக்குது இல்ல? பட்டறைல ஒட்டி வெச்சிருந்தாங்க. இப்ப போடு. கண்ணாடி இவளுதுன்னு ஒரு வார்த்த சொல்லு. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்னு கூடச் சொல்ல வேணாம். கண்ணாடி சிந்தாமணியோடதுன்னு மட்டும் சொல்லு. அடுத்த நிமிஷம் தறியில குந்துறேன்."

"இதுக்கா..."

"இதுக்குத்தான்."

அனுசியா செல்போனை எடுத்தாள். தேடினாள். போட்டாள். சுற்றிலும் காய்ந்துகொண்டிருந்த பொம்மைகளுக்கு நடுவில், கண் எழுதாத வெள்ளை முகங்களுக்கு நடுவில், மணி அடிக்கிற சத்தம் சன்னமாகக் கேட்டது. நாலு தரம் அடித்தது.

"ஹலோ," என்றது பாதிரியாரின் குரல். சிந்தாமணிக்கே தெளிவாகக் கேட்டது. "ஹலோ, யாரு பேசுறீங்க?"

அனுசியா சிந்தாமணியைப் பார்த்தாள். உதடு அசைந்தது. பேசுவேன் சார் என்று சொல்லி வேலை வாங்கியவள்.

"ராங் நம்பருங்க," என்றாள். வைத்துவிட்டாள்.

அனுசியா பொட்டலத்தை மேசையில் வைத்தாள். "போயிட்டு வரேன்," என்று யாரிடமோ சொல்வது போல் சொல்லிவிட்டுப் போனாள்.

சிந்தாமணி தாளைப் பிரித்தாள். ஓரத்துப் பொட்டு வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்தது. கிள்ளி எடுத்த இடத்தில் பசை கறுத்து வட்டமாகத் தூசி படிந்திருந்தது. அவள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த அச்சைத் திறந்தாள். உள்ளே பொம்மை ஈரமாக இருந்தது. அதன் அடியில் கட்டைவிரலை இரண்டு தரம் அழுத்தினாள். சூளைக்குப் போகுமுன் யாராவது ஸ்பாஞ்சால் துடைப்பார்கள், அது அவளுக்குத் தெரியும்.